காற்றை அளந்து கொடுத்தவள்

சிலிண்டரை மூன்று சக்கர வண்டியில் படுக்கவைத்து, மேலே பழைய ஜமக்காளம் ஒன்றைப் போர்த்திக் கொண்டுவந்தார்கள். மேனாம்பேட்டில் எங்கள் சந்துக்குள் வண்டி திரும்பியபோது, யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்து எதிர்வீட்டு அம்மாள் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஜமக்காளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது பித்தளை வால்வு என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான். நான் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. எழுபதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன என்று நினைவு. வண்டியை முன்னால் நின்று இழுத்தவர் துரை. என் கணவர் தணிகாசலம் வேலை பார்த்த இரும்பு வார்ப்புப் பவுண்டரியில் வெல்டர். பின்னால் தள்ளியவர்களும் அதே பவுண்டரிக்காரர்கள்தான்.

"வழி உடுங்க அண்ணி. அண்ணாத்தைக்கு காத்து கொண்டாந்துகீறோம்," என்றார் துரை.

உள்ளே தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே ஸ்டூலில் தலையணையை வைத்து, அதன்மேல் முழங்கைகளை ஊன்றியிருந்தார். பல மாதங்களாக அதுதான் அவருக்குப் படுக்கை. முதுகைச் சாய்த்தால் மூச்சு முட்டும். உதடு நாவல்பழம் தின்றவர் மாதிரி இருக்கும்.

"இன்னாடா அது, குண்டா?" என்று கேட்டார். அந்த மூன்று சொற்களுக்கு நடுவே இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

பள்ளிக்கூடம், இன்ஸ்பெக்டர், பிள்ளைகள் என்று இத்தனை வாரமாக எழுதுகிறீர்களே, வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரி உண்டா என்று பட்டாபிராமிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எழுதக்கூடாது என்றில்லை, அம்மா. அலுப்பு. எழுத உட்கார்ந்தால் அந்தப் பாட்டில் தண்ணீரில் குமிழி வரும் சத்தம் காதில் கேட்கத் தொடங்கிவிடுகிறது. சரி, இந்த வாரம் உட்கார்ந்துவிட்டேன்.

வெல்லக் கட்டி

தணிகாசலம் உள்ளூர்க்காரர். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட் வருவதற்கு முன்னால் அந்த நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். நிலம் போய்க் கம்பெனிகள் முளைத்ததும், நட்டவர்களின் பிள்ளைகள் மணலில் அச்சு எடுக்கப் போனார்கள். நான் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து பஞ்சாயத்துப் பள்ளிக்கு டீச்சராக வந்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீச்சர்தான்.

பவுண்டரி மணல் நம் ஆற்று மணல் போல இருக்காது. மாவாக இருக்கும். அச்சை உடைக்கும்போது எழும்பும் தூசியில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது என்பார். அதன் மேல் உருக்கிய இரும்பின் புகை. அதற்கும் மேல், இடைவேளையில் பீடி.

ஷிப்டு முடிந்ததும் ஆளுக்கு ஒரு வெல்லக் கட்டியும் ஒரு வாழைப்பழமும் கொடுப்பார்கள். நெஞ்சில் அடைத்த தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு வயிற்றுக்கு இறங்கிவிடும் என்று அந்த எஸ்டேட்டே நம்பியது. மூக்கில் கட்டத் துணி கொடுத்தால் வேர்க்கிறது என்று வீசிவிடுவார்கள். வெல்லம் ஒரு நாள் தவறினால் வாசலில் கூட்டம் கூடிவிடும்.

"சோத்துக்குழாய் வேற, மூச்சுக்குழாய் வேற. வெல்லம் எப்படி நுரையீரலுக்குப் போகும்?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"அப்போ கம்பெனிக்காரன் இன்னா பைத்தியமா? வேண்டுதலுக்கா குடுக்கறான்?" என்று அவர் சிரிப்பார்.

அவர் கொண்டுவரும் வெல்லத்தைச் சேர்த்துவைத்து நான் பாயசம் வைத்தேன். நல்ல வெல்லம், மண்ணே இருக்காது.

சிவப்பு அம்பு, நீல அம்பு

ஏழாம் வகுப்பில் வருடா வருடம் நுரையீரல் பாடம் எடுப்பேன். கரும்பலகையில் தலைகீழாக ஒரு மரம் வரைந்து, கிளை நுனிகளில் திராட்சைக் குலை போலக் காற்றுப் பைகளைத் தொங்கவிடுவேன். உள்ளே போகும் பிராணவாயுவுக்குச் சிவப்பு சாக்பீஸில் அம்பு. வெளியே வரும் கரியமில வாயுவுக்கு நீல அம்பு.

சிவப்பு அம்பைப் பிள்ளைகள் யாரும் மறந்ததில்லை. பரீட்சைத் தாளில் பாதிப் பேர் நீல அம்பைப் போடமாட்டார்கள். நானும் அதற்கு அரை மதிப்பெண்ணுக்கு மேல் குறைத்ததில்லை. மூச்சு என்றாலே உள்ளே இழுப்பதுதான் என்று நம் எல்லாருக்கும் ஒரு நினைப்பு. வெளியே போவது தன்னால் போய்க்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம்.

தணிகாசலத்துக்குச் சிக்கல் அங்கேதான் இருந்தது. அது எங்களுக்குத் தெரியாது.

சிவந்த முகம்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வெல்டிங்குக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டர் அது, முழுக்கக் கறுப்பு. ஆஸ்பத்திரி சிலிண்டருக்குத் தோளில் வெள்ளை அடித்திருப்பார்களே என்று கேட்டேன். "பெயிண்டு தான் அண்ணி வேற. ரெண்டுக்கும் ஒரே எடத்துல தான் ரொப்புறானுங்க," என்றார் துரை. ஃபோர்மனிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்திருந்தார்கள். பக்கத்தில் நெருப்பு ஆகாது என்று அடுப்பைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றினார்கள். சாமி விளக்கு எதிர்வீட்டுக்குப் போயிற்று. எண்ணெய்க் கையோடு யாரும் வால்வைத் தொடக்கூடாது என்று துரை உத்தரவு போட்டார். கண்ணாடிப் பாட்டிலில் பாதி தண்ணீர் நிரப்பி, அதன் வழியாகக் காற்றை விட்டு, அங்கிருந்து ரப்பர் குழாயை அவர் மூக்குக்குக் கொண்டுபோனார்கள். பிறகு துரை திருகைத் திறந்தார்.

தண்ணீர் உலைமாதிரி கொதித்தது.

கொஞ்ச நேரத்தில் உதட்டின் நீலம் கரைந்தது. கன்னத்தில் ரத்தம் ஏறியது. பட்டாபிராமிலிருந்து தம்பியைப் பார்க்க வந்திருந்த என் நாத்தனார் கன்னியம்மாள் ஓவென்று அழுதுவிட்டாள். சந்தோஷ அழுகைதான்.

"பாத்தீங்களா அண்ணி, மொகம் இன்னா மாரி செவந்துகீது! மாப்ள கணக்கா சோக்கா கீறாரு," என்று துரை கைதட்டினார்.

மத்தியானம் தணிகாசலம் தலை வலிக்கிறது என்றார். பிறகு தூக்கம் வருகிறது என்றார். சரித்துப் படுக்கவைத்தோம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் முதுகு பாயில் பட்டது. எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள். நானும் சுவரோரம் புடவைத் தலைப்பை விரித்துக் கண்ணை மூடினேன். அந்த ஒரு மணி நேரத் தூக்கத்தின் சுகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, சொன்னால் நம்பமாட்டீர்கள்.

வெயில் தாழ்ந்தபோது டீக்கு எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. உலுக்கினேன். கண்ணைப் பாதி திறந்து, வாய் குழறி ஏதோ சொல்லிவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார். முகம் மட்டும் ரோஜா மாதிரி இருந்தது. கை சுட்டது. விரல்கள் தாமாகவே வெட்டி வெட்டி ஆடின. மூச்சு மேலோடு மேலாகப் போய்க்கொண்டிருந்தது.

"காத்து பத்தலைபோல கீது," என்று துரை திருகை இன்னும் திறந்தார்.

இதில் ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. "ஆஸ்பத்திரிக்கு வண்டி பாருங்க," என்று கத்தினேன். கத்தியது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கம்பெனி வேனில், சிலிண்டரையும் பக்கத்தில் படுக்கவைத்து, குழாயை மூக்கிலிருந்து எடுக்காமலே கொண்டுபோனோம்.

சுவரில் நடக்கும் வியாபாரம்

வார்டில் இருந்தது ஒரு சின்ன வயது லேடி டாக்டர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவரும் தூங்கியிருக்கமாட்டார். நோயாளியை ஒரு பார்வை பார்த்தார், பாட்டிலை ஒரு பார்வை பார்த்தார், முதல் காரியமாகத் திருகைப் பிடித்து முக்கால்வாசி மூடினார்.

துரை பாய்ந்து வந்து நடுவில் நின்றார். "இன்னா டாக்டரம்மா! கொடுக்க வேணாம், இருக்கறத புடுங்குறியே! மனுசன் சாவறான்!"

"நீங்க கொடுத்ததுலதான் சாகறார். வெளிய போங்க," என்றார் டாக்டர்.

அவரை வெளியே அனுப்பிவிட்டு ஊசி போட்டார்கள். நெஞ்சைத் தட்டிச் சளியை எடுத்தார்கள். கன்னத்தில் அறையாத குறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். விடிந்து பால்காரர்கள் போகும் நேரத்துக்கு அவர் கண்ணைத் திறந்து, "ஒரு டீ கெடைக்குமா?" என்றார். உதடு பழையபடி நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

டாக்டர் என்னை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தார். நான் டீச்சர் என்று தெரிந்ததும், "அப்ப படம் போட்டிருப்பீங்களே," என்றார்.

"வருஷா வருஷம்."

"காற்றுப் பைக்குச் சுவர் இருக்கில்ல? வெங்காயச் சருகைவிட மெல்லிசு. இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் ரத்தம். யாரும் தள்றதில்ல. பிராணவாயு இங்க அதிகம், ரத்தத்துல குறைவு. அதனால தானா அந்தப் பக்கம் போகும். கரியமில வாயு அங்க அதிகம், இங்க குறைவு. அது தானா இந்தப் பக்கம் வரும். எல்லா வியாபாரமும் அந்தச் சுவர்லதான்."

"அவருக்கு?"

"குறுக்குச் சுவரெல்லாம் இடிஞ்சுபோச்சு. சின்னச் சின்ன அறையா இருந்த வீடு ஒரே கூடமா ஆயிடுச்சுன்னு வெச்சுக்குங்க. இடம் பெருசாத் தெரியும். சுவர் எங்க இருக்கு? மிச்சம் இருக்கிற குழாய்லயும் சளி. உள்ள போன காத்து வெளியவே வராது."

ஏறுகிற கூட்டத்தையும் இறங்குகிற கூட்டத்தையும் ஒரே வாசலில் பார்த்தவர்களுக்கு அது உடனே புரிந்துவிடும். அம்பத்தூர் ஸ்டேஷனில் காலை ரயிலில் இறங்க வேண்டியவர்கள் இறங்க முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொள்வதைத் தினமும் பார்த்தவள் நான். அதனால் அதுவரை எனக்குத் தலை சுற்றவில்லை. டாக்டர் அடுத்துச் சொன்னதில்தான் சுற்றியது.

"மூச்சு விடுன்னு மூளைக்கு மணி அடிக்கிறது யார் தெரியுமா? நமக்கெல்லாம் கரியமில வாயு. அது கொஞ்சம் ஏறினாலே மூளை மூச்சை வேகமாக்கும். இவருக்கு அது வருஷக்கணக்கா ஏறியே இருக்கு. மூளைக்குக் காது மரத்துப்போச்சு. இப்ப அவரை மூச்சு விடவைக்கிறது இன்னொரு மணி, பிராணவாயு பத்தலைங்கிற மணி. நீங்க அள்ளிக் கொடுத்தீங்க. அந்த மணியும் நின்னுது. பத்தலைன்னு யாரும் சொல்லாதபோது மூளை ஏன் மெனக்கெடும்? மூச்சு அடங்கும். கெட்ட காத்து உள்ளயே தேங்கும். அது மயக்க மருந்து மாதிரி. முகம் சிவப்பா, அழகா, தூங்கிட்டே போயிடுவாங்க."

இப்போது இதற்கு வேறு விளக்கங்களும் சொல்கிறார்களாம். சொல்லட்டும். எனக்கு அந்த வராந்தாவில் கேட்டது போதும்.

"அப்ப காத்தே கொடுக்கக்கூடாதா?"

"கொடுக்கணும். கொஞ்சமா கொடுக்கணும். பாட்டில்ல குமிழி ஒண்ணொண்ணா தனியாத் தெரியணும். கொதிக்கக்கூடாது. அவர் கேட்பார். கெஞ்சுவார். கொடுத்துடாதீங்க."

கஞ்சப் பொம்பளை

வீட்டுக்கு வந்தோம். அன்று முதல் அந்தத் திருகு என் பொறுப்பு.

நான் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் யாராவது இரக்கப்பட்டுத் திறந்துவிடுவார்கள் என்று, திருகைச் சுற்றித் துணி வைத்துத் தைத்துவிட்டேன். யார் தொட்டாலும் தையல் காட்டிக்கொடுத்துவிடும். மத்தியான இடைவேளையில் ஓடிவந்து முதலில் தையலைப் பார்ப்பேன். அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்ப்பேன்.

கன்னியம்மாளுக்கு இது பொறுக்கவே இல்லை. "சோத்த அளந்து போடறவள பாத்துக்கீறேன். காத்த அளந்து ஊத்தறவள இந்த ஊட்ல தான் பாக்கறேன்," என்று என் எதிரிலேயே சொன்னாள். பட்டாபிராம் ரயிலிலும் சொல்லியிருக்கிறாள். கோவில்பதாகையிலிருந்து வரும் எங்கள் பள்ளி ஆயா, "நெசமாவா டீச்சர்?" என்று என்னிடமே வந்து கேட்டாள். அவள் ரயில் ஏறுகிறவளே இல்லை. பேச்சு மட்டும் எப்படியோ அதுவரை நடந்து போயிருந்தது.

துரை சில நாள் வரவே இல்லை. பிறகு ஒரு சாயங்காலம் வந்து குந்தினார். டாக்டர் சொன்னதை எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வெல்டிங் ஃப்ளேம் மாரி தான் அண்ணி. ஆக்சிஜன் ஜாஸ்தியா உட்டா வேல நடக்காது. ஒட்ட வெக்கிற எடமே கருகிப்பூடும்," என்றார். அதற்குப் பிறகு காலி சிலிண்டரை மாற்றிக் கொண்டுவருவதும் அவர்தான், வந்தவர்களையும் அவரே திருகுப் பக்கம் விடவில்லை. அன்றைக்குத் தான் திறந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. எங்களுக்காக அந்த வண்டியை இழுத்துவந்தவர் அவர்.

தணிகாசலம் தினமும் கேட்பார். சாயங்காலம் ஆனால் கேட்பார்.

"கொஞ்சூண்டு தொற டீச்சர்."

"முடியாது."

"காத்து இன்னா உங்க நைனா ஊட்டு சொத்தா?"

"ஆமாம். சீதனமா கொண்டுவந்தேன்."

சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். இருமல் வந்தால் முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைத்து, தோள்கள் காதுவரை ஏறும். ஒரு விரல் அசைத்தால் அவருக்குக் கொஞ்ச நேரம் நிம்மதி. அந்த விரல் என்னுடையது. அதை அசைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதை எழுத்தில் எப்படிச் சொல்வது என்று இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குத் தெரியவில்லை. உடம்பு அலுப்பு ஒரு பக்கம், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப்போனது ஒரு பக்கம். வீட்டில் அழ முடியாது. பள்ளியில் கரும்பலகையைத் துடைக்கும்போது கொஞ்சம் அழுதுகொள்வேன். யாராவது கேட்டால் சாக்பீஸ் தூசி என்று சொல்லலாம்.

அந்த வருடமும் நுரையீரல் பாடம் வந்தது. நீல அம்பை முதலில் போட்டேன்.

தாராளம்

இப்படியே ஒரு கோடை போயிற்று, ஒரு மழைக்காலம் போயிற்று. அடுத்த மழையில் சளி கட்டியது. காலில் நீர் கோத்தது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள். அவரும் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார்.

கிளம்பும்போது அந்த டாக்டர் வார்டு வாசல்வரை கூடவே வந்தார்.

"டீச்சர், இனிமே அவர் கேக்கறபோது திறந்து விடுங்க."

"எவ்வளவு?"

"கேக்கற அளவுக்கு."

"குமிழி கொதிச்சா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பரவாயில்ல," என்றார்.

இத்தனை மாதம் யாராவது இதைச் சொல்லமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவள் நான். சொன்னபோது, வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது.

மறுநாள் மத்தியானம் அவர் கேட்டார். வழக்கமான கேள்விதான். "கொஞ்சூண்டு தொற டீச்சர்." கன்னியம்மாள் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நான் கத்தரிக்கோலை எடுத்துவந்து திருகைச் சுற்றியிருந்த தையலை வெட்டினேன். துணியை உருவினேன். திறந்தேன்.

பாட்டில் தண்ணீர் கொதித்தது. அந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தச் சத்தத்தை இப்போதுதான் கேட்கிறேன்.

"இப்பவாவது மனசு வந்துச்சே மகராசிக்கு," என்றாள் கன்னியம்மாள்.

தணிகாசலம் பாட்டிலைப் பார்த்தார். கீழே கிடந்த துணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், இன்னிக்கு இவ்ளோ தாராளம்?"

நான் குனிந்து அந்தத் துணியை எடுத்து மடித்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. உதடு மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. கண்ணை மூடி, நிதானமாக, நெஞ்சு நிறைய இழுத்தார். அப்படி இழுத்துப் பார்க்க அவருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டி என் முழங்கையைத் தட்டினார்.

"போதும். பழையபடி கொறச்சு வெய்யி."

"ஏன்? மூச்சு வாங்கலையா?"

"வாங்கும். வாங்கட்டும். இப்படியே உட்டா தூங்கிப்பூடுவேன்." ஒரு மூச்சு விட்டார். "உன்கூட இன்னும் கொஞ்ச நேரம் பேசிகினு இருக்கலாம்னு பாக்கறேன்."

கன்னியம்மாள் தம்பியின் பாதத்தை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் திருகைப் பிடித்தேன். பாட்டிலில் குமிழி ஒன்றொன்றாகத் தனித்துத் தெரியும்வரை மூடினேன். பிறகு ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.